ஏன் வர்க்கிக்க வேண்டும்?

உயர்தர இரசாயனவியலில் வாயுக்கள் பற்றிய பாடத்தில் இடை வர்க்க மூலக் கதி வந்தது. கதிகளை வர்க்கித்து, சராசரி கண்டு, பின் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இத்தனை சுற்று எதற்கு?

பாதி விடை இலகு. மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஓடுவதால், வேகங்களைத் திசையோடு கூட்டினால் பூச்சியம்தான் வரும். வர்க்கித்தால் மறைக்குறி போய்விடும். ஆனால் திசையை விட்டுவிட்டுக் கதிகளை மட்டும் சராசரி எடுக்கலாமே! "சமன்பாட்டைப் பாடமாக்கு, புள்ளி வரும்" என்றாள் தோழி. புள்ளி வரும்தான், கேள்வி போகவில்லையே.

கொப்பியில் ஒரே திணிவுடைய இரண்டு மூலக்கூறுகளை எடுத்தேன். ஒன்றின் கதி செக்கனுக்கு 1 மீற்றர், மற்றதற்கு 7. சாதாரண சராசரி 4. இடை வர்க்க மூலம் 5. இயக்கச் சக்தி கதியின் வர்க்கத்தைப் பொறுத்தது: 1உம் 49உம் சேர்ந்து 50. இரண்டும் 4 உடன் ஓடினால் 32தான். 18 எங்கே போயிற்று? 5 உடன் ஓடினால் 25உம் 25உம், சரியாக 50. இருக்கும் சக்தியைக் குறையாமல் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கதி அது. வெப்பநிலை சொல்வதும் அந்தச் சக்தியைத்தான்.

27 பாகை செல்சியசில் நைதரசனுக்கு இக்கதி செக்கனுக்கு ஏறத்தாழ 517 மீற்றர், ஒலியையும் முந்தும். அத்தர் மூலக்கூறு பாரமானது, ஆனாலும் செக்கனுக்கு நூறு மீற்றரைத் தாண்டும். பிறகேன் வாப்பா பூசும் அத்தர் குசினிக்கு வரச் சுணங்குகிறது? வழியெல்லாம் காற்று மூலக்கூறுகளோடு செக்கனுக்குக் கோடிக்கணக்கான தடவை மோதித் திசை மாறுவதால்தான்.

உம்மாவிடம் சொன்னேன். "பெருநாள் கடைத்தெருவில் உன்னைப் போல" என்றார்.