பசை தொடாத பந்து

ஏ4 தாள் 297 மில்லிமீற்றர் நீளம், 210 மில்லிமீற்றர் அகலம். நீளத்தை மூன்றாகப் பிரித்தால் 99. அகலத்தில் இரண்டு 99 போக 12 மில்லிமீற்றர் கீற்று மிஞ்சும். ஆக, தாளுக்கு ஆறு சதுரம். மடித்துப் பொருத்தும் காகிதப் பந்துக்கு வேண்டியது முப்பது சதுரம், அதாவது ஐந்தே ஐந்து தாள். ஐந்தும் ஐந்து நிறமாக இருந்தால் நிறத்துக்கு ஆறு. பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு முதலில் பிடித்தது இந்தக் கணக்குத்தான். பந்து பிறகு.

கணக்கைச் சொன்னவர் எங்கள் கடைக்குக் கலர் தாள் வெட்ட வரும் ஓய்வுபெற்ற கணித டீச்சர். "வெட்டித் தாறீங்க சரி மகள், ஒன்னையாவது மடிச்சுப் பாத்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். போயா நாட்களில் கடை பூட்டு. அன்றெல்லாம் அவர் வீட்டு விறாந்தையில் எனக்கு வகுப்பு.

மடிப்பு சுருக்கமானதுதான். சதுரத்தைப் பாதியாக மடித்து விரித்தால் நடுக்கோடு விழும். இரு விளிம்பையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் இரட்டைக் கதவு. கதவைத் திறந்து, எதிரெதிர் மூலைகள் இரண்டைச் சின்ன முக்கோணமாக உள்ளே மடித்து, திரும்பக் கதவைச் சாத்த வேண்டும். பிறகு இரு முனையையும் சாய்வாக மடித்து, ஒவ்வொன்றையும் எதிர்க் கதவுக்கு அடியில் சொருக வேண்டும். இப்போது கையில் இருப்பது ஒரு சாய்சதுரத் துண்டு. திருப்பிப் போட்டு இரண்டு கூரையும் மடித்தால் நடுவில் ஒரு சதுரம், இரு பக்கமும் இரண்டு முக்கோண நாக்கு. முன்பக்கத்தில் இரண்டு பொக்கட். ஒன்றின் நாக்கு இன்னொன்றின் பொக்கட்டுக்குள் போகும். பசை இல்லை, நூல் இல்லை.

டீச்சர் நகத்தால் மடிப்பைத் தேய்க்க விடமாட்டார். நகம் கலர் தாளில் பளபளப்பாக ஒரு கோடு இழுத்துவிடும். வெளிச்சத்தில் அது அசிங்கமாகத் தெரியும். அவரிடம் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு இருந்தது. குத்துவிளக்கு வரிசை வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பித்தளைக் கடையொன்றில் கழிவாகக் கிடந்ததாம். ஓரங்கள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மடிப்பின் மேல் இன்னொரு தாளை வைத்து, அதன் மேல் பித்தளையை ஒரே தடவை இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது, தாள் நகர்ந்துவிடும். மழை நாளில் தாள் ஈரம் குடித்துத் தொய்ந்து போவதால், அன்றைக்கு இரும்பு அலுமாரிக்குள் வைத்திருந்த தாளைத்தான் எடுப்பார்.

ஓரளவு கை பழகியபின் ஒரு சோதனை வைத்தார். முடித்த துண்டுகளை மேசையில் குவித்து, "இதுல ஒன்னு மத்ததோட சேராது. எதுன்னு கண்டுபிடிங்க" என்றார். எல்லாம் ஒரே அளவு, ஒரே கூர்மை. எத்தனை நேரம் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கியபோதுதான் ஒன்று மட்டும் மறுபக்கம் சாய்ந்து நின்றது. மூலை மடிக்கும்போது வலத்துக்குப் பதில் இடம். கண்ணாடியில் பார்த்த துண்டு அது. எப்படித் திருப்பினாலும் அதன் நாக்கு மற்றவற்றின் பொக்கட்டில் ஒழுங்காக இறங்காது. முப்பதும் அழகாக இருப்பதைவிட முப்பதும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது முக்கியம் என்பதை இந்தச் சோதனையைப்போல வேறெதுவும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது.

பசையில்லாமல் நிற்கும் என்பதை நான் முழுசாக நம்பவில்லை. அதற்கு டீச்சர் சொன்ன வழி, எம்பெக்க தேவாலயத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்பது. தவுலகல வீதியில் கடலாதெனிய விகாரையைத் தாண்டிப் போனால் வரும். கம்பளை இராசதானிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் கட்டியது, கதிர்காமக் கடவுளுக்கானது. போகிறவர்கள் எல்லோரும் தூண்களில் செதுக்கிய அன்னத்தையும் மல்லர்களையும் பார்ப்பார்கள். நான் நின்றது மேளமண்டபக் கூரையின் ஒரு முனைக்குக் கீழே. அங்கே 26 கைமரங்கள் விசிறியாக வந்து ஒரே ஒரு மர ஆப்பில் சேர்கின்றன. 'மடொல் குருபாவ' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கைமரமும் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தமே மற்றவற்றை நழுவ விடாமல் பிடிக்கிறது. காகிதத்தில் நடப்பதும் இதுவேதான்: தனியே ஒரு நாக்கைப் பொக்கட்டில் விட்டால் காற்றுக்கே கழன்று விழும், வளையம் மூடியபின் இழுத்தாலும் வராது.

பொருத்தும் விதி இரண்டு. மூன்று துண்டு சேர்ந்தால் மூன்று பக்கமுள்ள ஒரு முனை எழும்பும். ஐந்து முனைகள் ஒரு பள்ளத்தைச் சுற்றி நிற்க வேண்டும். நான்காக்கினால் பன்னிரண்டு துண்டிலேயே சின்னதாக மூடிக்கொள்ளும். ஆறாக்கினால் வளையவே வளையாது, பாயாக விரிந்துகொண்டே போகும். ஐந்தில்தான் முப்பது துண்டு, இருபது முனை, பன்னிரண்டு பள்ளம் என்று பந்து திரளும். 99 மில்லிமீற்றர் சதுரத்தில் செய்தால் குறுக்களவு பதினொரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்.

நிறம் வைப்பதுதான் எனக்கு ருசியான இடம். ஐந்து நிறத்தையும் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு தடவை மட்டும் வரும்படி பொருத்தலாம். அதற்கு டீச்சர் சொன்ன குறுக்குவழி: ஒரு சிவப்பை எங்கே வைக்கிறாயோ, பந்தின் நேரெதிர்ப் பக்கத்திலும் சிவப்பு வை. ஆறு சிவப்பும் மேல்கீழ், இடம்வலம், முன்பின் என்று மூன்று சோடியாக உட்காரும். மற்ற நான்கு நிறமும் அப்படியே. முடிந்த பந்தை எப்படி உருட்டினாலும் இரண்டு சிவப்பு அடுத்தடுத்து வராது.

கடைசித் துண்டு பொல்லாதது. அதற்கு இடம் விடப் பக்கத்துத் துண்டுகளைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் அடுத்த வளையம் நெகிழும். உள்ளே விரல் விட வழியில்லை. கடைசி மூன்றையும் ஒன்றாகப் பாதிவரை நுழைத்துவிட்டு, சுற்றிச்சுற்றி ஒவ்வொன்றாக அழுத்தினால்தான் இறங்கும்.

இது ஜப்பானியர் கலை. பல துண்டுகளைப் பொருத்திச் செய்த காகிதக் கனசதுரம் ஒன்றின் படம் 1734இல் அங்கே வெளியான 'ரன்மா சூஷிகி' நூலிலேயே இருக்கிறது. நான் பழகிய துண்டு மிட்சுநோபு சொனோபே என்பவரின் பெயரால் வழங்குகிறது.

வெசாக் மாதத்தில் இந்தப் பந்துக்குள் மின்குமிழ் வைத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். என் அபிப்பிராயத்தில் அது வீண். மடிப்பு மேல் மடிப்பாக இருக்கும் தாளில் வெளிச்சம் மங்கித்தான் வரும். மூங்கில் சட்டத்தில் டிசு தாள் ஒட்டிய வெசாக் கூட்டுக்குப் பக்கத்தில் இது நிற்காது. பகல் வெளிச்சத்தில், கலியாண மேடையிலோ கிறிஸ்மஸ் மரத்திலோ தொங்கட்டும். பன்னிரண்டு பூக்களை ஒட்டிச் செய்யும் அறுபது இதழ்ப் பந்து இன்னும் நன்றாக விலை போகிறது. அதற்குப் பத்துத் தாளும் ஒரு போத்தல் பசையும் போதும். வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பூ என்றால் யாருக்குத்தான் பிடிக்காது! எனக்கு அதில் கை போவதில்லை.

இப்போது தொண்ணூறு துண்டுப் பந்தில் இருக்கிறோம். இதில் ஐந்து சேரும் பள்ளமும் உண்டு, ஆறு சேரும் பள்ளமும் உண்டு. ஆறு சேர்வது இருபது, ஐந்து சேர்வது அதே பன்னிரண்டு. பதினைந்து தாள் வேண்டும். ஐந்து சேரும் பள்ளங்களைச் சுற்றி அறுபது துண்டு வருவதால் அவையெல்லாம் மஞ்சள், மீதி முப்பதும் நீலம் என்பது டீச்சர் கட்சி: பத்து மஞ்சள் தாள், ஐந்து நீலத் தாள், கணக்கு நேர். நான் மூன்று நிறம் கேட்கிறேன், நிறத்துக்கு ஐந்து தாள், ஒவ்வொரு முனையிலும் மூன்றும் வரும்படி. அதுவும் கணக்கு நேர்தான். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சளில் ஐந்து தாளையும் நீலத்தில் ஐந்து தாளையும் வெட்டி வைத்துவிட்டேன். இரண்டு கட்சிக்கும் அவை வேண்டும். மூன்றாவது அடுக்குத் தாள் இன்னும் கட்டரில் ஏறவில்லை.