கிழங்கைப் பழித்த கதை

கம்பைநல்லூர்ப் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கைக் குச்சிக்கிழங்கு என்று சொன்னால்தான் சிறு பிள்ளைக்கும் விளங்கும். விதை வேண்டாம், நாற்று வேண்டாம். முற்றிய தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் ஊன்றிவிட்டால், ஒன்பது பத்து மாதங்களில் அடியில் கிழங்கு திரண்டுவிடும். மழை சற்றுப் பொய்த்தாலும் எளிதில் கைவிடாத பயிர் இது. இப்பேர்ப்பட்ட உபகாரியைத்தான் நாம் ஒரு நாள் நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் அவமதித்தோம்.

பதினோராம் வகுப்பில் ஆகார வகைகளைப் பற்றிய பாடம். நூறு கிராம் கேழ்வரகில் ஏழு கிராம் புரதமும், முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்றோம். அதே நூறு கிராம் குச்சிக்கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது என்றோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். உபாத்தியாயர் நாவுக்கு உவமை இல்லாமல் தீராதே! "கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்புவது, குதிரில் தவிட்டைக் கொட்டிவிட்டு நெல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது போல" என்றோம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நமக்கும் பெருமையாக இருந்தது.

பள்ளிச் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பகலுணவு கொண்டுவர வேண்டும். மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி நான்கு நாட்களாக டப்பாவே கொண்டுவருவதில்லை என்று அவளுடைய தோழி வந்து சொன்னாள். தகப்பனார் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போகிறவராம். வாரத்தில் பாதி நாள் அவள் டப்பாவில் இருந்தது அவித்த குச்சிக்கிழங்கு. நம் உவமைக்குப் பிறகு அதைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு நம் தாயாரிடம் இதைச் சொன்னோம். அவர் அடுப்பைவிட்டு முகத்தைத் திருப்பாமலே, "அந்தக் கெழங்கத் தின்னுட்டுத்தானேடா நீ பி.எஸ்ஸி. படிச்சே?" என்றார். பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

கிழங்கின் வம்சாவளியும் இலேசானதன்று. தென்னமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் கப்பலேறி மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைத் தம் குடிகளிடையே பரப்பினார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து அரிசி வரவு நின்றபோது, அந்த ராஜ்யத்து ஏழைகளுக்குக் கிழங்கே சோறாயிற்று. மலாயா ஜவ்வரிசியும் அப்போது நின்றுபோயிற்று. சேலத்தார் 1943 வாக்கில் இந்தக் கிழங்கிலிருந்தே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். அந்நியச் சரக்கு வராத இடத்தில் நம்மவர் கையால் எழுந்த தொழில் அது. தருமபுரி சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலம். 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று.

உருளைக்கிழங்கும் தென்னமெரிக்கப் பிறவிதான். அதிலும் நூறு கிராமுக்குப் புரதம் இரண்டு கிராம்தான். ஆனால் அதைக் கல்யாணப் பந்தியில் உட்கார்த்தி வைக்கிறோம். குச்சிக்கிழங்கைக் கொல்லைப்புறத்தில் நிறுத்துகிறோம். உடலுழைப்புக்கு வேண்டிய சக்தியைக் கணக்கிட்டால் உருளைக்கு எண்பது கலோரிக்குச் சற்றுக் குறைவு, குச்சிக்கிழங்குக்கு நூற்றறுபது. இரண்டிலும் 'சி' ஜீவசத்து உண்டு. உருளையைத் தோலோடு அவித்தால் அது அதிகம் வீணாகாது. பச்சை படிந்த உருளையை மட்டும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

நாம் வகுப்பில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. குச்சிக்கிழங்கில் சயனைடு என்னும் நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, தோலில் அதிகம். பச்சையாகத் தின்னலாகாது. தாயார் ரசாயனம் படித்தவரல்லர். ஆனாலும் தடித்த தோலை முழுவதும் உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார். பிறகு மறு தண்ணீர் ஊற்றி உப்பும் மஞ்சளும் போடுகிறார். கசக்கும் கிழங்கைத் தொடுவதே இல்லை. வெந்ததை வடித்து, கடுகு, மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, அவித்த காராமணியை ஒரு கை அள்ளிப்போட்டுப் புரட்டுவார்.

அந்தக் காராமணியில்தான் சூட்சுமம் இருக்கிறது. மிஞ்சிய நஞ்சை உடல் மாற்றி வெளியேற்றுவதற்குக் கந்தகம் சேர்ந்த புரதம் தேவை. காங்கோ தேசத்தில் பஞ்ச காலங்களில், கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்தாமல், வேறு புரதமும் இன்றி உண்டவர்களுக்குக் கால்கள் முடங்கிப்போயின. கொன்ஸோ என்று அந்நோய்க்குப் பெயர். மலையாளத்தார் கிழங்கோடு மீன் சேர்ப்பதும் நல்லதற்கே. மைசூரில் 1950-இல் நிறுவப்பட்ட மத்திய உணவு ஆராய்ச்சிக் கூடத்தார் மூன்று பங்கு கிழங்கு மாவும் ஒரு பங்கு நிலக்கடலை மாவும் கலந்து 'மைசூர் மாவு' என்று ஒன்று செய்தார்கள். நம் ஜில்லாவில் இரண்டும் விளைகின்றன. கேழ்வரகுக் களிக்கு இது மாற்றன்று. களி உண்ட வீட்டில் மறுவேளைக்குத் துணை.

மறுநாள் பாடத்தை மீண்டும் நடத்தினோம். "போன வாரம் சொன்ன உவமை தப்பு, கணக்கும் அரைகுறை" என்று தொடங்கினோம். வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. மூன்றாம் பெஞ்சுப் பெண் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பகல் மணி அடித்ததும் புங்கமரத்தடியில் நம் டப்பாவைத் திறந்தோம். தாயார் வைத்த கிழங்கும் காராமணியும். இரண்டு நாள் அவள் எட்ட நின்றே பார்த்தாள். மூன்றாம் நாள் தன் டப்பாவோடு வந்து, மூடியில் ஒரு துண்டுக் கிழங்கும் கொஞ்சம் நிலக்கடலைத் துவையலும் வைத்து நீட்டினாள்.

"எங்கம்மாவும் மொதத் தண்ணியக் கொட்டிடுவாங்க சார்" என்றாள்.

துவையலில் உப்புத்தான் ஒரு கல் கூடுதல்.