பாத்ரூம் ஃபேன் நிற்கவில்லை என்றால்



குளிர்காலம் வந்தால் இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "டீச்சர், லைட்டை ஆஃப் பண்ணியும் பாத்ரூம் ஃபேன் நிற்க மாட்டேங்குது, என்ன செய்யலாம்?" தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களும் படியுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது உதவும்.

நம் ஊர் பாத்ரூமில் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதற்குத் தனி சுவிட்ச். போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். அங்கே ஜன்னலே இல்லாத பாத்ரூம்கள் நிறைய. லைட் கயிற்றை இழுத்தால் ஃபேனும் சேர்ந்து ஓடும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் விளக்கை அணைத்த பிறகும் ஃபேன் குறைந்தது 15 நிமிடம் ஓட வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டட விதிகளில் சொல்லியிருப்பது. அதற்காக உள்ளே ஒரு டைமர் வைத்திருப்பார்கள். ஆகவே முதல் வேலை, கடிகாரத்தைப் பார்ப்பது. கால் மணி, இருபது நிமிடத்தில் நின்றுவிட்டால் ஃபேனில் கோளாறு இல்லை.

இரண்டாவது, மாடல் பெயரைப் பாருங்கள். புதிய அடுக்குமாடி வீடுகளில் 24 மணி நேரமும் மெதுவாக ஓடுவதற்கென்றே செய்த ஃபேன்களும் உண்டு. அவை நிற்கவே கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். சில ஃபேன்களில் ஈரப்பதத்தை உணரும் கருவி இருக்கும். நாம் பதினோராம் வகுப்பில் ஒப்பு ஈரப்பதம் படித்தோமே, அதேதான். அறையின் ஈரப்பதம் குறித்த அளவைத் தாண்டினால் ஃபேன் தானாக ஓடும், இறங்கினால் நிற்கும். இறங்கவே இல்லை என்றால் நிற்கவே நிற்காது.

லெஸ்டரில் என் மகள் வாடகைக்கு இருந்த வீட்டில் இதைத்தான் பார்த்தேன். ஜனவரி மாதம். ஃபேன் இரவு பகலாக ஓடியது. ராத்திரி ஆனால் மாப்பிள்ளை, பாத்ரூம் கதவுக்கு மேலே வெளிச்சுவரில் இருக்கும் ஃபேனுக்கான தனி சுவிட்சை அணைத்துவிடுவார். "கரண்ட் பில் ஏறுது அத்தை, அந்தச் சத்தத்துல பையனும் தூங்க மாட்டேங்கறான்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் பேரன் படுக்கும் அறையில், அலமாரிக்குப் பின்னால் வெளிச்சுவர் மூலையில், கருப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. பிள்ளை இரவெல்லாம் இருமினான். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்.

முதலில் பில் கணக்கைப் போட்டோம். ஃபேன் 15 வாட். நாள் முழுக்க ஓடினால் 0.36 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 9 பென்ஸ், மாதத்துக்கு மூன்று பவுண்டுக்கும் குறைவு. அறையின் வெப்பமும் கொஞ்சம் வெளியே போகும், அது தனி. கணக்கைப் பார்த்ததும் மாப்பிள்ளை சுவிட்சை அணைப்பதை நிறுத்தினார்.

பிறகு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினோம். ஹாலில் 72 சதவீதம். யாரும் குளித்து ஐந்து மணி நேரமான பாத்ரூமில் 78. எலெக்ட்ரீஷியன் வந்து மூடியைத் திறந்து பார்த்தபோது ஃபேன் 65-இல் வைக்கப்பட்டிருந்தது. அப்புறம் எப்படி நிற்கும்? "அளவை 85-க்கு ஏற்றிவிடட்டுமா, நின்றுவிடும்" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரைத் திருத்தி என்ன பயன்?

ஈரம் எங்கிருந்து வந்தது? ஹாலில் ஸ்டாண்டில் துணி காய்ந்தது. ஒரு மெஷின் துணி காய்ந்தால் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில்தான் கலக்கிறது. மூடாமல் கொதிக்கும் சாம்பார், இட்லி ஆவி, நாலு பேர் மூச்சு. காற்று 20 டிகிரியில் 72 சதவீதம் ஈரத்தோடு இருந்தால், 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராகிவிடும். பனிநிலை என்று படித்தோமே, இதுதான். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் அந்த வீட்டிலேயே குளிர்ந்த இடம்.

இன்னொரு சோதனையும் செய்தோம். ஒரு டிஷ்யூ தாளை ஃபேன் முகப்பில் வைத்தேன். பாத்ரூம் கதவு திறந்திருந்தால் ஒட்டிக்கொண்டு நின்றது. கதவைச் சாத்தினால் விழுந்தது. கதவின் அடியில் இடைவெளியே இல்லை. உள்ளே வரக் காற்று இல்லாமல் வெளியே எதைத் தள்ளும்? கதவுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

வீட்டு உரிமையாளரின் முகவர் முதலில் "உங்கள் சமையலையும் குளியலையும் மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நோட்டு ஒன்று எடும்மா" என்றேன். ஒரு வாரம் காலையும் மாலையும் அளவைக் குறித்தோம். டிஷ்யூ சோதனை, பூசணத்தின் படம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்பினோம். பத்து நாளில் ஆள் வந்து கதவின் அடியைச் சீவிக் கொடுத்தார். நாங்களும் துணி ஸ்டாண்டைப் பாத்ரூமுக்குள் நகர்த்திக் கதவைச் சாத்தினோம். பாத்திரங்களை மூடிச் சமைத்தோம். காலையில் பத்து நிமிடம் ஜன்னல்களைத் திறந்தோம்.

"வெளியே மழை பெய்யுதே, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. 5 டிகிரி குளிரில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றில் உள்ள தண்ணீர் ஒரு கன மீட்டருக்கு 6 கிராம் அளவுதான். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 35 சதவீதமாகிவிடும். குளிர்காலத்து மழைக்காற்று வீட்டை உலர்த்தும்.

இரண்டாம் வாரம் மீட்டர் 58 காட்டியது. ஃபேன் தானாக நின்றது. பூசணத்தைத் துடைத்துச் சுத்தம் செய்த மூலையில், நான் ஊர் திரும்பும் வரை மறுபடி வரவில்லை. பேரனின் இருமலும் குறைந்தது. அது இதனால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை.

ஒருவேளை மீட்டர் 50 காட்டுகிறது, லைட்டும் அணைந்திருக்கிறது, ஒரு மணி நேரமாகியும் ஃபேன் ஓடுகிறது என்றால், அது கோளாறு. டைமர் ஃபேனுக்கு இரண்டு கரண்ட் கம்பிகள் வரும். ஒன்றில் எப்போதும் மின்சாரம் இருக்கும், மற்றது லைட் சுவிட்ச் வழியாக வரும். இரண்டையும் தவறாக இணைத்திருந்தாலோ, உள்ளே ரிலே ஒட்டிக்கொண்டிருந்தாலோ நிற்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே ஸ்க்ரூ டிரைவரோடு ஏணியில் ஏறாதீர்கள்.

ஒரு ஃபேனுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று தோன்றலாம். 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சையைத் தொடர்ந்து சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. பெற்றோர் புகார் செய்தபோது பூஞ்சை மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபரிலிருந்து அங்கே சமூக வாடகை வீடுகளுக்கு முதற்கட்டமாக நடைமுறையில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன் கண்ணுகளா, "உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம்" என்று யாராவது சொன்னால் தலை குனிந்து வந்துவிடாதீர்கள். அளந்து, எழுதி, கையில் கொடுங்கள். ஆய்வகத்தில் நோட்டு எழுதச் சொல்லித் திட்டியது இதற்கும்தான்.

வீட்டுப்பாடம்: குளித்து மூன்று மணி நேரம் கழித்து உங்கள் பாத்ரூம் ஈரப்பதம் எவ்வளவு, கதவுக்கு அடியில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று கமென்டில் எழுதுங்கள். நான் பார்த்துப் பதில் சொல்கிறேன். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்