முதல் வேலையும் வைப்பு நிதியும்

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பிச் செடி, நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே காய்க்கத் தொடங்கும் என்பது, ஏற்காட்டை அடுத்த செம்மநத்தம் போன்ற மலையூர்களின் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

படிப்பு முடித்து மலையிறங்கிச் சேலத்திலோ திருப்பூரிலோ பெங்களூரிலோ முதல் வேலையில் சேரும்போது, அந்தப் பொறுமை வைப்பு நிதிக் கணக்கிலும் தொடர வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி என்பது, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பொதுவாக 12 விழுக்காட்டை ஊழியரும், அதே அளவை நிறுவனமும் மாதந்தோறும் செலுத்தும் சேமிப்பாகும். நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது.

2024-25ஆம் ஆண்டுக்கான வட்டி 8.25 விழுக்காடு; இவ்விகிதம் நீடித்தால், போட்ட பணம் ஏறத்தாழ 9 ஆண்டுகளில் இருமடங்காகும்.

யுஏஎன் எனப்படும் 12 இலக்க எண் நிறுவனம் மாறினாலும் மாறாது என்பதால், பழைய தொகையைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்வது எளிது. மாறாக, வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவிட்டால், ஐந்தாண்டுத் தொடர்பணி நிறைவுறாத நிலையில் வருமான வரிக்கு உட்பட நேரும்; ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், மாத ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுப் பணிக்காலமும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இருபத்திரண்டு வயதில் இது பெரிய இழப்பாகத் தோன்றாது என்பதே இதன் ஆபத்து.

சம்பளச் சீட்டில் பிடிக்கப்பட்ட தொகை கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று இளைஞர்கள் இம்மாதமாவது பார்த்தார்களா?