பசையும் பற்றும்

'கோந்து' என்னும் சொல் இந்தி, உருது மொழிகளின் 'கோந்த்' என்பதிலிருந்து தமிழுக்கு வந்தது. மரப்பிசின் என்பதே அதன் முதற்பொருள். சூடான் நாட்டு வேலமரப் பிசின் அறபு வணிகர் கைவழியே உலகெங்கும் சென்றமையால் 'அரபிக் கோந்து' எனப் பெயர் பெற்றது. விளக்குக் கரியை அதனோடு குழைத்தே அக்கால எழுத்தர்கள் மை கூட்டினர். திருமறைப் பிரதிகள் பல அத்தகைய மையால் எழுதப்பட்டவை.

கோந்து வருமுன்னரே நம்மிடம் 'பசை' இருந்தது. ஈரம், அன்பு, செல்வம் யாவும் அச்சொல்லில் அடங்கும். இன்றோ 'பசையுள்ள ஆள்' எனில் பணக்காரர் என்றே கொள்கிறோம். அன்பு உதிர்ந்துவிட்டது, பணம் மட்டும் ஒட்டிக்கொண்டது!

திருமறையில் முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்களைக் கொண்ட அத்தியாயத்தின் பெயர் 'அலக்'. அதனை 'இரத்தக்கட்டி' எனப் பெயர்ப்பாருண்டு. அதன் வேர்ப்பொருளோ ஒட்டிக்கொள்ளுதல், பற்றித் தொங்குதல் என்பதாம். மனிதனின் தொடக்கமே ஒட்டுதலில்தான் இருக்கிறது.

என் வாப்பா விட்டுச்சென்ற அறபுத்தமிழ்க் கிதாபு தாள் தாளாகக் கழன்று கிடக்கிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டினால் பூச்சி அரியாது நிற்கும். ஆனால், திருமறை ஓதும் என் பிள்ளைகள் அதே எழுத்தில் தமிழைக் கூட்டி வாசிக்க அறியார். வாசிப்பாரற்ற நூலை எந்தப் பசை காக்கும்? மக்ரிபுக்குப் பின் நாளும் ஒரு பக்கமேனும் அவர்களை வாசிக்கச் செய்தல் வேண்டும். ஒட்டுவேலை அதன் பின்னரே.