கூப்பிட்டால் வராதவன்

முத்துவுக்கு ஏழு மாதம் ஆனபோது தீபாவளி வந்தது. செங்கல்பட்டில் எங்கள் தெரு நாய்களெல்லாம் லாரிக்கடியில் ஒண்டிக்கிடக்க, இவன் மட்டும் திண்ணையில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலிலேயே ஆயிரம் வாலா வெடித்தது. காதுகூட அசையவில்லை. "ராஜபாளையம்னா சும்மாவா? பன்னி வேட்டைக்குப் போன ரத்தம்டா" என்றார் அப்பா. எனக்கும் பெருமைதான்.

குட்டி வாங்கும்போது நான் கேட்டது இரண்டே விஷயம். சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். அஞ்சல் துறை 2005இல் நாய்களுக்கென்று வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் ஒன்று ராஜபாளையம். விருதுநகர் மாவட்டத்துச் சரக்கு, நம்ம ஊர் நாய் என்ற பெருமிதம். குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து மாதத்தில் தோள் என் தொடைக்கு மேல் வந்துவிட்டது. ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. எங்களுடையதோ மூன்று சென்ட் வீடு. மாடிப்படியில் நாள் முழுக்க ஏறி இறங்கினான். கொடியில் காய்ந்த புடவையை இழுத்தான். கேட்டைத் தாண்டி எதிர்வீட்டு ஆட்டை விரட்டினான். வீட்டாரிடம் குழைவான், புது ஆள் கை நீட்டினால் விறைத்துக்கொள்வான். இதெல்லாம் அந்த இனத்தின் சுபாவம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூப்பிட்டால் மட்டும் வரமாட்டான். "திமிரு புடிச்ச நாயி" என்றாள் அம்மா.

மாசி மாதம் ஒரு மதியம், தூங்கிக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து என் மகள் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு ஐந்து வயது. துள்ளி எழுந்து வாயைப் போட்டுவிட்டான். மணிக்கட்டில் ஒரு பல் கீறியிருந்தது. கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "புள்ள இருக்கிற வீட்ல இது வேணாம்டா. எங்கயாவது விட்டுட்டு வா" என்றாள் அம்மா. கடற்கரைப் பக்கம் சவுக்குத்தோப்பு வைத்திருந்த நண்பர் ஒருவர் காவலுக்குக் கேட்டார். அங்கே போனால் காலமெல்லாம் சங்கிலிதான். தெரிந்துதான் சரி என்றேன்.

கொடுப்பதற்கு முன் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மருத்துவர் எதையோ யோசித்தவர், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். நான் திடுக்கிட்டேன். முத்து சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவனுக்குக் காது கேக்காது சார்."

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உள்காதிலும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பணுக்கள் செத்துவிடும். டால்மேஷனில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா வெள்ளை நாய்க்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் வெள்ளையாக, இன்னும் வெள்ளையாக என்று நாம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததற்கு இது ஒரு விலை.

வண்டியில் திரும்பும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தீபாவளியன்று தைரியம் என்றோம். கூப்பிட்டு வராததைத் திமிர் என்றோம். மகளைக் கடித்ததைத் துரோகம் என்றோம். மூன்றும் ஒன்றுதான். அந்த மதியம் அவன் பயந்துபோயிருக்கிறான், அவ்வளவே. முத்து என்ற பெயரே அவனுக்குத் தெரியாது.

தோப்புக்கு அனுப்பவில்லை. பக்கத்தில் போகுமுன் தரையில் இரண்டு முறை காலைத் தட்ட வேண்டும், தூங்கும்போது தொடக்கூடாது, குழந்தையையும் அவனையும் தனியாக விடக்கூடாது. வீட்டில் இது சட்டம். அம்மா இன்னமும் "முத்து" என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டுக் காலைத் தட்டுகிறாள்.

ஓட்டத்துக்கு வழி வேண்டுமே. ஞாயிறு விடியலில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அதற்கு வடக்கே தேவனேரிக் கரையில் இறங்குகிறோம். அவிழ்த்துவிட முடியாது, திரும்பக் கூப்பிட வழியில்லை. முப்பது அடி நைலான் கயிறு. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். மேல்மணல் பக்கம் விடாமல் ஈர மணலிலேயே ஓட்டுகிறேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் அன்று முழுக்க வீட்டில் சத்தமே இருக்காது.

போன வாரம், வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "கடிக்குமா தம்பி?"

"காது கேக்காதுண்ணா. எதிர்ல வந்து நில்லுங்க, ஒண்ணும் பண்ணமாட்டான்."

அவர் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, சுற்றி வந்து அவன் எதிரில் நின்றார்.