முறுக்கு விசையும் ஒரு பழைய டிராக்டரும்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஏன் என்று கேட்டவர்களுக்கு: பரீட்சை பாதி, டிராக்டர் பாதி. பரீட்சையைப் பற்றிப் பேசி யார் மனசையும் புண்படுத்த விரும்பவில்லை (முக்கியமாக என் மனசை). அதனால் டிராக்டர்.

பிளஸ் டூவில் 'முறுக்கு விசை' என்று வாத்தியார் சொன்னபோது கடைசி பெஞ்சில் இருந்த எங்களுக்கு தீபாவளிப் பலகாரம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் கோயம்புத்தூரில் நாலு வருஷம் மெக்கானிக்கல், இப்போது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மேல்படிப்பு. விசை பெருக்கல் தூரம் என்று கணக்குப் போடுவதில் ஒரு தடவையும் நான் தப்பு விட்டதில்லை. ஆனால் ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம் என்பது என் கைக்குத் தெரியாமலே இருந்தது. அது தெரிந்த கதைதான் இது.

நான் வாடகைக்கு இருப்பது ஒரு பெரியவரின் வீட்டு மாடி அறையில். தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்தொன்று. பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எண்பது வயசுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன், அவருக்கு அது பிடிக்காது. மனசுக்குள் தாத்தா. இங்கேயும் தாத்தா என்றே சொல்கிறேன்.

தாத்தாவின் கராஜில் ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு டிராக்டர் நின்றது. நம்மூர் டிராக்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தோட்ட டிராக்டர். ஒரு கயிற்றுக் கட்டில் நீளம்தான் இருக்கும். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் பிளேடுகள், குளிர்காலத்தில் முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டிக்கொள்ளலாம். ஏர் உழும் பெரிய டிராக்டர்களைச் செய்துகொண்டிருந்த ஜான் டீர் கம்பெனி 1963ல் '110' என்ற மாடலோடு இந்தச் சின்ன வண்டி பக்கம் வந்தது. செய்த இடம் இதே விஸ்கான்சினில் ஹொரிக்கான் என்ற ஊர். எஞ்ஜின் கோலர் கம்பெனியுடையது, அதுவும் இதே மாநிலம். முதலில் 7 குதிரைத்திறன், அப்புறம் 8. 1974 வரை இந்த மாடல் வந்தது. தாத்தாவுடையது 1966.

எட்டு குதிரைத்திறன் என்றதும் நான் சிரித்துவிட்டேன். ஊரில் எங்கள் அப்பா ஓட்டும் ஸ்ப்ளெண்டர் பைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் பைக் எஞ்ஜின் 97 சிசி, நிமிஷத்துக்கு 8000 சுற்று சுற்றித்தான் அந்தச் சக்தியைத் தருகிறது. இது 305 சிசி, ஒரே சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், 3600 சுற்றுக்கு மேல் போகவே போகாது. ஓடாமல் நடந்தே வேலையை முடிக்கிற ஆள். ஐம்பது வருஷம் தாண்டி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஓடிக்கொண்டிருந்த வண்டி ஏன் நின்றது? பாட்டி 2015ல் காலமானார். அதற்குப் பிறகு தாத்தாவின் கைகளில் நடுக்கம் வந்தது. காபியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றிக்கொள்வார். சைக்கிள் பிரேக் கேபிள் மாட்டுகிற அளவு வேலைகூட அவரால் இனி முடியாது. வண்டி மக்கர் பண்ணியபோது அப்படியே மூடி வைத்துவிட்டார். இங்கே வீட்டு முன்னால் புல் ஒரு உயரத்துக்கு மேல் வளர்ந்தால் பல ஊர்களில் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும், அப்புறம் அபராதம். போன வருஷம் தாத்தாவுக்கும் நோட்டீஸ் வந்தது. வேறு ஊரில் இருக்கிற மகள் போனில் சொல்லிவிட்டார்: தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்கு வந்துவிடு என்று. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாத்தாவை அதிகம் பாதித்தது என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்: "உன் கைகள் நடுங்குமா?" இல்லை என்றேன். "என் தலை நடுங்கவில்லை. சேர்ந்து செய்யலாம்" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பச்சைப் பெயின்ட் என்ன விலை, ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும் என்று அன்று ராத்திரியே பார்த்து வைத்தேன். தாத்தா தலையாட்டிவிட்டார். பெயின்ட் கடைசி வேலையாம். முதல் வேலை பிளக் ஒயரைக் கழற்றுவது. எஞ்ஜின் பக்கமோ பிளேடு பக்கமோ கை வைக்கும் முன் அதைக் கழற்றியே ஆகவேண்டும். தெரியாமல் பிளேடைக் கையால் சுற்றினாலும் எஞ்ஜின் பற்றிக்கொள்ளலாம், விரல் போய்விடும்.

அப்புறம் எஞ்ஜின் மேல் இருந்த தகர உறையைக் கழற்றினோம். உள்ளே ஒரு எலிக் குடித்தனம்! பஞ்சு, காய்ந்த புல், கொட்டை ஓடு எல்லாம் சேர்ந்து சிலிண்டரைச் சுற்றியிருந்த இடுக்குகள் முழுக்க அடைப்பு. இந்த எஞ்ஜினில் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஃப்ளைவீலில் இருக்கும் இறக்கைகள் விசிறி மாதிரி காற்றை அடித்து, அந்த உறைக்குள் ஓட்டி, சிலிண்டரைக் குளிர வைக்கின்றன. வழி அடைத்தால் எஞ்ஜின் வெந்துபோகும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எலிக் கூட்டோடு யாராவது இதை ஸ்டார்ட் செய்து ஓட்டியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

டேங்கில் இருந்த பெட்ரோல் பழைய வார்னிஷ் மாதிரி நாறியது. இங்கே பெட்ரோலில் பொதுவாகப் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். மாதக்கணக்கில் நின்றால் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசின் மாதிரி படிந்துவிடும். கழற்றி, கழுவி, கம்பி விடாமல் காற்றடித்து ஓட்டைகளைச் சுத்தம் பண்ணினேன். கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகி அளவு கெடுமாம். பாயிண்ட் முனைகள் கருத்துப் போயிருந்தன, புதுசு வாங்கினோம். இவ்வளவு பழைய வண்டிக்கு இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். இதைத்தான் தாத்தாவின் கைகளால் செய்ய முடியாது. தகட்டை இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசாகப் பிடிக்க வேண்டும் என்றார். ஆறாவது தடவை சரியாக வந்தது.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் பத்து நிமிஷத்தில் சூடாகி உள்ளே தட்டுகிற சத்தம். சிலிண்டருக்குள் கரி கட்டியிருக்கும், ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும் என்றார் தாத்தா.

ஹெட் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ஒன்று மட்டும் அசையவில்லை. துரு. தாத்தா அதன் தலையைச் சுற்றி எண்ணெய் விட்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

நாளைக்கா? எனக்கு மறுநாள் லேப் இருந்தது. ஸ்பேனரோடு ஒரு இரும்புக் குழாயைச் செருகினேன். எட்டு அங்குலம் இருபத்து நாலு அங்குலமானது. தூரம் மூன்று மடங்கு, அதனால் முறுக்கு விசையும் மூன்று மடங்கு. கணக்கு சரி. ஒரு அழுத்து. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவு சுலபமாகத் திரும்பியதும் ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

போல்ட்டின் தலை மட்டும் என் கையில் வந்தது. மீதி உள்ளே.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் இத்தனை நாள் யோசித்தேன். உடைந்த தலையை மறுபடி அதே ஓட்டையில் நிற்க வைத்தேன். பார்த்தால் முழுப் போல்ட் மாதிரியே இருந்தது. மேலே கொஞ்சம் எண்ணெய்கூட விட்டேன். மாடிக்குப் போய் லேப் ரிப்போர்ட் எழுதினேன். தாத்தா திரும்பி வந்தார். சாப்பாட்டு மேஜையில் என்னிடம் எண்ணெய் இறங்கியிருக்குமா என்று கேட்டார். இறங்கியிருக்கும் என்றேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருடைய நடுங்குகிற கை நாளைக்கு ஸ்பேனரை வைக்கும், தலை கழன்று விழும், தன் கைதான் உடைத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். இனி இந்தக் கையால் எதுவும் ஆகாது என்று அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டாலும் போடுவார். போல்ட் போனால் போல்ட் வாங்கலாம். இதை எப்படிச் சரி செய்வது?

காலை ஆறு மணிக்கு அவர் காபி போடும்போது போய்ச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "குழாய் போட்டாயா?" என்றார். ஆமாம் என்றேன். "நானும் 1961ல் ஒன்று உடைத்தேன். மறைக்கவும் செய்தேன். யாரோ ஒருத்தருக்கு அன்று திட்டு விழுந்தது" என்றார். அந்த யாரோ ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் கராஜுக்கு ஒரு மெழுகுவர்த்தியோடு வந்தார். பிரார்த்தனை செய்யப்போகிறாரோ என்று பார்த்தேன் :-) இல்லை. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வெளியே வைக்கச் சொன்னார். உடைந்த போல்ட்டைச் சுற்றி டார்ச்சால் சூடு காட்டி, மெழுகை அதன் மேல் தொட்டால் உருகி மரைக்குள் இறங்கிவிடுகிறது. எண்ணெய் போகாத இடுக்கில் மெழுகு போகிறது. பிறகு நடுவில் சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி, அதன் மேல் இடது பக்கம் சுற்றுகிற டிரில் பிட். நான் டிரில் பிடித்தேன், அவர் பக்கத்தில் மூலை மட்டம் வைத்துக்கொண்டு "வலது பக்கம் சாய்கிறது... இப்போ சரி..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாதி ஆழம் போனதும் பிட் போல்ட்டைக் கவ்வியது. எதிர்ப்பக்கச் சுற்று அல்லவா, துண்டு தானாகவே சுழன்று மேலே வந்துவிட்டது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கரியைச் சுரண்டி, மரைகளை டேப் விட்டுச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட், புது போல்ட்டுகள் போட்டோம். இந்த எஞ்ஜினின் ஹெட் போல்ட்டுக்கு 15 முதல் 20 அடி பவுண்டுதான் முறுக்க வேண்டும். நம் கணக்கில் 20 முதல் 27 நியூட்டன் மீட்டர். ஒரே மூச்சில் அல்ல, வரிசைப்படி மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. டார்க் ரெஞ்சைத் தருவதற்கு முன் தாத்தா ஒரு சாதாரண ஸ்பேனரைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு முறுக்கிப் பார், எங்கே நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்து என்றார். பிறகு ரெஞ்சில் அளந்தோம். முதல் போல்ட்டில் நான் ரொம்ப அதிகம். கடைசிக்கு வந்தபோது கிட்டத்தட்ட சரி.

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை தாத்தா உட்கார்ந்து ஓட்டினார். சமதளமான அரை ஏக்கர்தான், நடக்கிற வேகம்தான். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை நடுக்கம் வெளியே தெரியவில்லை, வண்டியின் அதிர்வில் கலந்துவிட்டது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இந்த வருஷம் இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று பதில் வந்தது. தாத்தாவுக்கு அது போதும்.

பழைய வண்டியைச் சரி செய்வதை எல்லோரும் படம் பிடித்துப் போடுகிறார்கள். அப்புறம் வருகிற வேலையில் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஓட்டும் முன் ஒவ்வொரு தடவையும் ஆயில் மட்டம் பார்க்க வேண்டும். இந்த எஞ்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது, ஃபில்டரும் கிடையாது, கனெக்டிங் ராடின் அடிமுனை எண்ணெயை வாரி இறைப்பதுதான். மட்டம் குறைந்தால் ராட் உடைந்து எஞ்ஜினையே பொத்துக்கொண்டு வரும். 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், கோடையில் எஸ்.ஏ.இ. 30. கிரீஸ் நிப்பிள்களைத் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் அடிக்க வேண்டும். பிளேடைத் தீட்டியதும் ஓர் ஆணியில் நடு ஓட்டையால் மாட்டிப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். பனி வருவதற்கு முன் பெட்ரோலை ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை தகர உறையைக் கழற்றி எலி வாடகைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு ஸ்பைரல் நோட்டில் எழுதப்படுகிறது. தேதி, ஓடிய மணி, செய்த வேலை. பாதிக்கு மேல் பாட்டியின் கையெழுத்து. ஆயில் மாற்றியது அவர்தானாம், தாத்தா ஓட்டுநர் மட்டும்தானாம்! கடைசிக் குறிப்பு 2014 அக்டோபர், பாட்டி எழுதியது. அதற்குப் பிறகு தாத்தா நோட்டைத் திறக்கவே இல்லை.

புல் வெட்டிய அன்று சாயங்காலம் நோட்டை என்னிடம் கொடுத்து, தன்னால் எழுத முடியாது, நீ எழுது என்றார். பாட்டியின் வரிக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு எழுதினேன்: புது பாயிண்ட், கார்புரேட்டர் சுத்தம், கரி எடுத்தது, ஹெட் கேஸ்கெட் புதுசு. எழுதி முடித்து அவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டாயா என்று கேட்டார்.

இன்னொரு வரி சேர்த்தேன். "ஹெட் போல்ட் ஒன்று உடைந்தது. உடைத்தது நான்."

பி.கு: பச்சைப் பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. அடிக்கும் எண்ணமும் போய்விட்டது. பாட்டி கால் வைத்துத் தேய்ந்த இடம் படியில் அப்படியே இருக்கிறது.